அலமேலு அக்கா பேசாத பேச்சு

என் அலமேலு அக்காவுக்கு,

சலாம் சொன்னால் வணக்கம் என்பாய், வணக்கம் சொன்னால் சலாம் என்பாய். எதைச் சொன்னாலும் வம்புக்கு இழுப்பாய் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ வாய் திறந்து பேசியது எதுவும் ஒரு ஆளுக்கு மட்டும் பேசியதில்லை, ஊரே கேட்கப் பேசியவள் நீ. அதனால் உனக்கு எழுதும் கடிதத்தையும் ஊர் படித்தால் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் சேதி. உன் மகள் தேன்மொழி பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், உன் சொந்தப் பஞ்சாயத்தில்தான். பூட்டு சாவி சின்னம். "பூட்டு சாவியா? யார் வூட்டைப் பூட்டறதுக்கு?" என்று நீ கேட்பது எனக்கு இங்கே கேட்கிறது. ஜெயித்தாளா தோற்றாளா என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். நடுவில் நடந்ததை விட்டுவிட்டு முடிவை மட்டும் கேட்கும் அவசரக்காரி நீ. இந்தத் தடவை உனக்கு வேறு வழியில்லை, பொறுமையாகக் கேள்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கள்ளக்குறிச்சியில் எனக்கு சவுண்ட் சர்வீஸ் கடை. குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஜீப்பில் கட்டும் பேட்டரி, இவைதான் என் பிழைப்பு. ஒரு தேர்தல் சமயம், கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தி ஒருவர் ஓட்டு கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. புளி விற்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்த நீ, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாய்.

"இன்னா பாய், மைக்கு வச்சிக்கினே இவ்ளோ கஷ்டப்படறாரு? நாங்க மைக்கு இல்லாமயே இந்த மலைக்கும் அந்த மலைக்கும் பேசிக்குவோம்."

"அப்ப நீ பேசு பாக்கலாம்" என்று வேட்பாளர் விளையாட்டாகச் சொன்னார். நீ கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு மைக்கை வாங்கினாய். அன்றைக்கு விற்காமல் போன புளியை என் வீட்டில் வெகுநாள் கரைத்தோம்.

மலையில் ஒரு மேட்டிலிருந்து எதிர்மேட்டுக்குக் குரல் கொடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு என்பதை உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். கூப்பிடுகிறவர் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறார் என்று சொல்ல வேண்டும். அப்புறம் எதிரிலிருந்து பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் சேதி. நீ மைக்கிலும் அதையே செய்தாய். "நான் அலமேலு பேசறேன். நைனார்பாளையம் கடைத்தெரு முக்குல நிக்கறேன். கேக்குதா?" அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் சத்தமே இருக்காது. ஜீப் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும்.

வேட்பாளர்களுக்கு அது தாங்காது. காசு கொடுத்துக் கூட்டி வந்தவள் பேசாமல் நிற்கிறாளே என்று பதறுவார்கள். "பதில் வராம இன்னாத்துக்குப் பேசறது? சுவத்துகிட்டயா ஓட்டு கேக்கறீங்க?" என்று நீ திருப்பிக் கேட்பாய். எங்கேயாவது ஒரு கடைக்குள்ளிருந்து யாராவது சிரித்துக்கொண்டே "கேக்குது, சொல்லு" என்பார்கள். சில இடங்களில், "கேக்குது, கொழாயில தண்ணி வரல, அதை மொதல்ல கேளு" என்று குரல் வரும். நீ அதையும் அப்படியே மைக்கில் சொல்வாய், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஓட்டு கேட்கப் போன ஜீப்பில் ஊர்க்காரன் கேள்வியும் ஏறி வந்ததை நான் உன்னிடம் மட்டும்தான் பார்த்தேன்.

எல்லாக் கட்சிக்கும் பேசினாய். கருணாபுரத்துத் தெருக்களுக்குள் நுழையும்போது, விடியற்காலையில் கூலி வேலைக்குப் போய் வந்தவர்கள் படுத்திருப்பார்கள் என்று சத்தத்தைக் குறைக்கச் சொல்வாய். யாரையும் திட்ட மாட்டாய். பேசி முடிக்கும்போது கண்டிப்பாக ஒன்று சொல்வாய். "யாருக்கு வேணா போடுங்க. வூட்டுல மட்டும் ஒக்காந்துக்காதீங்க." பணம் கொடுத்த கட்சிக்காரர் பல்லைக் கடிப்பார். ஆனாலும் அடுத்த தேர்தலுக்கு உன்னைத்தான் தேடி வருவார், ஏனென்றால் உன் பேச்சைத்தான் ஜனம் நின்று கேட்டது.

பிறகு செல்போன் வந்தது. ஓட்டு கேட்பது கைக்குள் போய்விட்டது. வேட்பாளரின் பாட்டு செல்லில் வந்தது, படம் செல்லில் வந்தது, மேலே பறந்து படம் எடுக்கும் டிரோனில் கூட்டத்தைப் பிடித்து அதையும் செல்லில் அனுப்பினார்கள். என் ஜீப்பை யாரும் கூப்பிடுவதில்லை. நான் கடையில் உட்கார்ந்து எல்லாரையும் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். நீயோ ஒரு செல்லை வாங்கி வந்து, என் மருமகள் ஷபானாவிடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொண்டாய்.

அதில்கூட, "நான் அலமேலு பேசறேன், மாட்டுக்கொட்டாய்கிட்ட நிக்கறேன்" என்றுதான் ஆரம்பிப்பாய். செல்லில் பேசுவதற்கு எதற்கு அது என்று நான் கேலி செய்தேன். "செல்லுல பேசினா மட்டும் ஆளு எங்கயும் நிக்காம பேசுதா?" என்றாய். எழுதப் படிக்கத் தெரியாத மலைப் பெண்கள் அத்தனை பேரும் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். விரலால் எழுத வராதவர்கள் வாயால் எழுதினார்கள். அவர்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுத்தைவிடக் குரல்தான் ஜாஸ்தி.

அப்புறம் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஜீப்பில் ஏற்றிக் கீழே கூட்டி வரும்போது மலைப்பாதையில் பாதி வழியிலேயே போய்விட்டாய். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை அக்கா.

உன் காலத்தில் மேட்டில் ஏறினால்தான் சிக்னல். நீ போன பிறகு உங்கள் பக்கமே டவர் வந்தது. இப்போது முக்கால்வாசி மலை ஊர்களில் சிக்னல் எடுக்கிறது. அந்தக் குரல் குழு பெரிதாகிவிட்டது. காப்பித் தோட்டத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போனவர்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள், எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்தைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினதும், அவர்கள்தான் தேன்மொழியை நிற்கச் சொன்னார்கள். மகளிர் குழுவில் ஒருவரோடும் சண்டை போடாமல் காரியம் முடிக்கத் தெரிந்தவள், அதனால்.

ஆனால் உன் மகளுக்கு உன் குரல் இல்லை. சின்னக் குரல், அதுவும் நாலு வாக்கியம் பேசினால் பிசிறும். எதிர்த்து நின்ற அம்மா வசதியானவர்கள். பாட்டு, டிரோன், டிவி கட்டின வண்டி என்று மலையையே ஒரு கலக்குக் கலக்கினார்கள்.

என் கடை அலமாரியில் உன் பழைய கேசட்டுகள் இருந்தன. நீ பேசும்போது ஸ்பீக்கர் சரியாக எடுக்கிறதா என்று பார்க்க நான் பதிவு செய்தவை. கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஷபானா அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தக் குரலைக் கம்ப்யூட்டருக்குக் கத்துக் குடுக்கலாம். நம்ம எழுதினதை அலமேலு மாமி குரல்ல அதுவே பேசும்" என்றாள். நான் நம்பவில்லை. அவள் கேசட்டை ஓட விட்டு, காற்று, ஜீப் சத்தம், இருமல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, சுத்தமான பேச்சை மட்டும் கொடுத்தாள். பிறகு ஏதோ தட்டினாள். "ஷாகுல் பாய், ஒரு டீ சொல்லு" என்றது ஸ்பீக்கர்.

நான் எழுந்து கடை வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நீ வாசலில் நிற்கவில்லை என்பதை என் கண் பார்க்காமல் என் காது நம்பாது போலிருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து ஆம்ப்ளிஃபயரோடு குடும்பம் நடத்துகிறவன் நான். அந்த மிஷினின் வேலைக்கு ஒரு கும்பிடு போடத்தான் தோன்றியது.

நானும் ஷபானாவும் உட்கார்ந்து ஒரு பேச்சு தயார் செய்தோம். "என் மக தேன்மொழி நிக்குது. பூட்டு சாவிக்கு ஓட்டு போடுங்க. என் மேல வச்ச நம்பிக்கைய அவ மேல வைங்க." உன் சிரிப்பைக்கூடக் கடைசியில் சேர்த்தாள். "இது கம்ப்யூட்டர் குரல்னு போட்டே ஆகணும் மாமா" என்று கண்டிப்பாகச் சொன்னாள். போடு என்றேன். உன் படத்துக்குக் கீழே அதை எழுதி, தேன்மொழிக்கு வேலை செய்யும் பெண்களுக்கு அனுப்பினோம்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. எழுத்துப் படிக்க வராததால்தான் குரலில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு எழுத்தில் எச்சரிக்கை போட்டிருக்கிறோம்.

வாங்கினவர்கள் படத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் ஊர்க் குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள். முதலில் எல்லாரும் அழுதார்கள். அப்புறம் குப்பாயியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. எதிர்மேட்டுக் குப்பாயி, உன் கூட்டாளி.

"அலமேலு, நான் குப்பாயி பேசறேன். புளியமரத்துகிட்ட நிக்கறேன். நீ பாட்டுக்குப் பேசிக்கினே போயிட்ட. எங்க நிக்கறன்னு சொல்லவே இல்லியே. எங்க நிக்கற நீ?"

குப்பாயி உன் சாவுக்கு வந்து, உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவள். அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாளா, இல்லை ஒரு நொடி நம்பிக் கேட்டாளா? நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.

அவளைத் தொடர்ந்து ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். "அலமேலு, எங்க நிக்கற?" காப்பித் தோட்டத்திலிருந்து ஒருத்தி, "அக்கா செத்துப் போச்சுன்னு சொன்னீங்களே, பொய்யா அது?" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டாள். எதிர்த்து நின்றவர்களின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "செத்தவள எழுப்பிக் கூட்டியாந்து ஓட்டு கேக்கறாங்க. நாளைக்கு நீங்க சொல்லாததையும் நீங்க சொன்னதா இந்தப் பொண்ணு போட்டுக் காட்டும்" என்றார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது, அதுதான் என்னைக் குத்தியது. தேன்மொழியிடம் பணம் இல்லை, ஆள் பலம் இல்லை. அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேர் ஒன்றுதான் இருந்தது. அதை நான் என் கடையில் உட்கார்ந்தபடியே காலி செய்துவிட்டேனோ என்று பயந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் தேன்மொழி இறங்கி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"பாய் மாமா, அதைப் போடு. பெரிய ஸ்பீக்கர்ல போடு, கேக்கணும்" என்றாள்.

போட்டேன். தரையைப் பார்த்தபடி முழுதும் கேட்டாள்.

"அம்மா மாதிரியே இருக்குது" என்றாள். என் பக்கம் திரும்பி, "அம்மா இருந்திருந்தா எனக்கு ஓட்டு கேட்டிருக்குமா மாமா?" என்றாள்.

"பெத்த பொண்ணுக்குக் கேக்காம வேற யாருக்குக் கேக்கும்?"

"நீ அம்மாகூடவே சுத்தின ஆளு. நெஞ்சுல கை வச்சிச் சொல்லு."

நெஞ்சுவரை போன கையை இறக்கிவிட்டேன். கேட்டிருப்பாயா அக்கா? உனக்குத்தான் தெரியும். கேட்டிருப்பாய் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவள் நீ, நான் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

ஷபானா தான் அனுப்பினதை எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் அது எங்கெங்கேயோ போய்விட்டிருந்தது. "இது போலின்னு எழுதிப் போட்டுரலாம்" என்றாள் ஷபானா.

"எழுதினா யாரு படிக்கப் போறாங்க? எழுதினதாலதான இவ்ளோ வம்பு" என்றாள் தேன்மொழி. "நானே பேசறேன். உன் ஜீப்பு ஓடுமா மாமா?"

வெகுநாளாகத் தூசி படிந்து கிடந்த ஜீப்பில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மலை ஏறினோம். முதல் ஊரில் ரேஷன் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் வாய்ஸ் மெசேஜ் பதிவாகும்படி செல். "நான் தேன்மொழி பேசறேன், அலமேலு மக. ரேஷன் கடைகிட்ட நிக்கறேன். செல்லுல வந்தது எங்கம்மா இல்ல. எங்கம்மா செத்துட்டாங்க. அது மிஷினு பேசினது. செஞ்சது எங்க ஆளுங்கதான், வேற யாரும் இல்ல. என்னைக் கேக்காம செஞ்சாங்க, ஆனா எனக்காகத்தான் செஞ்சாங்க, அதனால நான்தான் பதில் சொல்லணும். கேக்குதா?"

குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பேசி முடித்துவிட்டு நிறுத்தினாள். நீ நிறுத்துவது போலவே.

யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஜீப் என்ஜினை அணைத்தேன். ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது. போச்சு, எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். கிளம்பலாம் என்று கையைக் காட்டினேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு அசையாமல் நின்றாள். வெகுநேரம் கழித்து ஒரு வீட்டுக்குள்ளிருந்து பெண் குரல் வந்தது.

"கேக்குது, கேக்குது. செத்தவ பேசினத வுடு. நீ பேசு. ஆம்புலன்சு மேல வர்றதுக்கு இன்னா பண்ணப் போற, அதைச் சொல்லு."

அங்கே ஆரம்பித்தது அக்கா. ஒவ்வொரு ஊரிலும் நின்று அதையே சொன்னாள், ஒவ்வொரு ஊரிலும் கேள்வி வந்தது. உன் காலத்தில் ஜீப் போன இடத்தில்தான் கேள்வி வரும். இப்போது ஜீப் போகாத இடத்திலிருந்தெல்லாம் வந்தது. ஊரில் அவள் பேசியது செல்லில் போனது, செல்லில் வந்த கேள்வியை ஸ்பீக்கரில் போட்டோம். மைக்கும் செல்லும் ஒன்றுக்கொன்று பகை என்று இத்தனை வருஷம் நான் புலம்பியிருக்கிறேன். உன் மகள் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டாள்.

ஒரு கேள்வியை மட்டும் உனக்குச் சொல்கிறேன். "நான் ராமாயி மருமவ பேசறேன். காப்பித் தோட்டத்து லயத்து வூட்டுல நிக்கறேன். ஓட்டு போட வந்தா கூலி போவும், பஸ்ஸு செலவு ஜாஸ்தி. வந்தாத்தான் இன்னா, வராட்டிதான் இன்னா? எங்களை யாரு கேக்கறாங்க?" கல்யாணமான நாளிலிருந்து தோட்டத்திலேயே கிடப்பவள். எந்த வேட்பாளரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, அவளும் எவரையும் கேள்வி கேட்டதில்லை.

தேன்மொழி ஜீப்பை ஓரம் கட்டச் சொல்லி யோசித்தாள். பிறகு பேசினாள். "ரோடு போட்டுடறேன்னு உனக்குச் சொல்ல மாட்டேன், அது என் கையில மட்டும் இல்ல. கிராம சபை கூடறப்ப நீ செல்லுல இன்னா கேக்கறியோ, அதை அங்க ஸ்பீக்கர்ல போடுவேன். ஆபீசருங்க கேக்கட்டும். பதில் வர்ற வரைக்கும் கூட்டத்த முடிக்க மாட்டேன். அங்க இருந்தே நீ கேள்வி கேக்கலாம். ஓட்டு மட்டும் அங்க இருந்து போட முடியாது. அதுக்கு நீதான் வரணும். எனக்குத்தான் போடணும்னு இல்ல, வா."

நீ சொல்வதுதான் அது. அவள் அதை உன்னைப் போலச் சொல்லவில்லை, தயங்கித் தயங்கித் தன் குரலில் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, ஸ்டியரிங்கைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எதிர்த்து நின்ற அம்மாவைப் பற்றியும் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் பெண்கள் அதே கேள்விகளை அவர்களுக்கும் அனுப்பினார்கள். பாட்டும் டிரோனும் அதற்குப் பதில் சொல்லாது இல்லையா? அவர்களே பேச ஆரம்பித்தார்கள். "எங்க நின்னுக்கினு பேசறீங்க?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "கார்ல ஒக்காந்துக்கினு பேசறேம்மா" என்று உண்மையைச் சொன்னார்கள். மலையே சிரித்தது, அவர்களும் சிரித்தார்கள். அதற்கப்புறம் காரை விட்டு இறங்கினார்கள்.

ஓட்டுப் போடும் நாளன்று பள்ளிக்கூடத்து வாசலில் அவ்வளவு நீள வரிசையை நான் அங்கே பார்த்ததில்லை. தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். ராமாயி மருமகள் கைக்குழந்தையோடு நின்றாள். குப்பாயி தடியை ஊன்றிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். எனக்கு அது வேண்டியதுதான்.

ஜெயித்துவிட்டாள் அக்கா. பெரிய வித்தியாசம் இல்லை, எண்ணி முடிக்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஜெயித்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஸ்பீக்கர் செட்டைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். ஷபானா கம்ப்யூட்டரைத் திறந்து, "தேனு, அந்தக் குரல் இன்னும் இதுல இருக்குது. அழிச்சிடட்டா?" என்று கேட்டாள்.

"அழிச்சிடு" என்றாள். உடனே, "இரு" என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊர் ஊராக நின்று அது என் அம்மா இல்லை என்று சொன்ன பெண், குழந்தை போல ஷபானாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தினி பேருக்கு எங்கம்மா ஜீப்புல நின்னுக்கினு, ஜெயிச்சிட்டாரு ஜெயிச்சிட்டாருன்னு கூவியிருக்குது. எனக்கு ஒரே ஒரு தடவ. நான் ஜெயிச்சிட்டேன்னு அம்மா வாயால ஒரே ஒரு தடவ. வேற யாருக்கும் வேணாம், எனக்கு மட்டும். சொல்ல வைப்பியா?"

ஷபானா என்னைப் பார்த்தாள். பிறகு தட்டினாள். இயர்போனை எடுத்துத் தேன்மொழி கையில் கொடுத்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நீ பேசுவாய்.

தேன்மொழி அதைக் காதருகே கொண்டுபோனாள். அப்படியே வைத்திருந்தாள். பிறகு மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "வேணாம் ஷபானா. இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்றது அம்மா இல்லன்னும் தெரியும்" என்றாள். கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

நான் பக்கத்தில் போய் அவள் தலையில் கை வைத்தேன். இருபத்து நாலு மணி நேரமும் ஸ்பீக்கரோடு வாழ்ந்தும் மைக்கில் ஒரு வார்த்தை உருப்படியாகப் பேசத் தெரியாத இந்தக் கரகரத்த குரலில்தான் சொன்னேன். "நான் சொல்றேன், கேளு பாப்பா. நீ ஜெயிச்சிட்ட."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஷபானா அந்தக் குரலை அழித்தாள். நானும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. கேசட்டுகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. நீ பேசியதை யார் வந்து கேட்டாலும் போட்டுக் காட்டுவேன். நீ பேசாத ஒரு சொல், உன் குரலில், என் கடை வாசலைத் தாண்டாது. நான் உயிரோடு இருக்கும்வரை, கிராம சபை கூடும்போதெல்லாம் ஸ்பீக்கரை நானே தூக்கிக்கொண்டு மலை ஏறுவேன். தோட்டத்திலிருந்து வரும் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வைப்பேன். உன் மகளை நான் பார்த்துக்கொள்வேன் என்று எழுத வந்தேன் அக்கா. அவள்தான் எங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறாள்.

உன் வயிற்றுப் பிள்ளைக்கு மாமன்,
உன் கூடப் பிறக்காத தம்பி,
ஷாகுல்